டிராக்டருக்கு அளவெடுத்த தோட்டம்

டிராக்டரின் முன்பாதி தோட்டத்துக்குள்ளும் பின்பாதி தெருவிலுமாக நின்றுவிட்டது. பின்சக்கரங்கள் கேட்டின் இரண்டு தூண்களையும் முட்டிக்கொண்டு, இதற்கு மேல் நகரமாட்டேன் என்று அடம்பிடித்தன.

தையல்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவிக் கேட்டை அளந்தார். பிறகு டிராக்டரின் பின்பக்கத்தை அளந்தார். பிறகு மறுபடியும் கேட்டை அளந்தார். வாழ்நாளெல்லாம் சட்டை தைத்தவர். ஓர் அளவு ஒத்துவரவில்லையென்றால் இன்னொரு தடவை அளந்தால் ஒத்துவரும் என்ற நம்பிக்கை மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை.

"ஒரு சாண் இடிக்குது" என்றார்.

"இடிக்கறது எனக்கும் தெரியுதுங்க" என்றார் மேலே உட்கார்ந்திருந்த டிரைவர். "உள்ளே போகணுமா, வெளியே போகணுமா, அதைச் சொல்லுங்க."

எதற்கும் அலட்டிக்கொள்ளாத டிரைவர் அவர். போ என்றால் போவார், நில் என்றால் நிற்பார். நடுவில் காதில் வயரை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பார். டிராக்டர் எதில் மோதினாலும் அது மோதச் சொன்னவர்கள் பாடு.

கண் மங்கி ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதும், கடையை மூடிவிட்டு மனைவியின் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர் தையல்காரர். தோட்டம் அவள் அப்பா கொடுத்தது. ரெண்டு மாடு, ஒரு கன்று, கொஞ்சம் கோழி, ஒரு வரிசை எலுமிச்சை, காய்கறிப் பாத்தி, பின்னால் மக்காச்சோளம் போடுகிற நிலம். எல்லாம் உண்டு, எதுவும் அதிகமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய அண்ணனின் தோட்டம்.

வாடகை டிராக்டர் ஊரில் எல்லோருக்கும் உழுதுவிட்டுக் கடைசியாகத்தான் இந்தப் பக்கம் வரும். அது வருவதற்குள் மழை வந்துவிடும். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் நிலம் சும்மாவே கிடந்தது. மாட்டுக்குத் தீனி, அண்ணன் தோட்டத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு கட்டோடும் ஒரு புத்திமதியும் கூடவே வந்தது.

"இந்த மழைக்கும் விதைக்கலைன்னா நிலத்தை என்கிட்ட விட்டுடு. நான் பார்த்துக்கறேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். மனைவி பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, சரி என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். அந்தத் தோட்டம் கையைவிட்டுப் போனால் அவளால் தாங்க முடியாது என்று தையல்காரருக்குத் தெரியும். தான் இருக்கும்போது அப்படி ஒன்று நடந்தால் தனக்கும் தாங்காது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதனால்தான் டிராக்டர் கம்பெனிக்குப் போன் போட்டார். மேனேஜர் தேன் ஒழுகப் பேசினார்.

"எது பொருத்தம்னு நாங்க சொல்றது சரியா வராது சார். உங்க தோட்டத்துலயே ஓட்டிப் பாருங்க. பிடிக்கலைன்னா வேற வண்டி அனுப்பறேன். நம்ம ஆள் கூடவே வருவாரு, எல்லாத்தையும் அவர் பார்த்துப்பாரு."

போட்டுப் பார்த்து எடுப்பது என்றால் தையல்காரருக்குப் புரியாதா? மழைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. வண்டியை வரச் சொன்னார்.

வந்த வண்டிதான் இப்போது கேட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் மட்கார்டு மேலிருந்து ஒருவர் மெதுவாக இறங்கினார்.

தையல்காரர் ஆளைப் பார்க்க மாட்டார், சட்டையைத்தான் பார்ப்பார். இவருடையது முழுக்கைச் சட்டை. காலர் விறைப்பாக நின்றது. தோள் தையல் இம்மியும் விலகாமல் தோளின்மேல் உட்கார்ந்திருந்தது. பையில் ஒரு பேனா. இப்படி ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு டிராக்டரில் வருகிறவர் யாராக இருக்க முடியும்? மேனேஜர் சொன்ன ஆள் இவர்தான். கம்பெனி நிபுணர்.

நிபுணரும் தையல்காரரின் கழுத்தில் கிடந்த டேப்பைப் பார்த்தார். உடனே இரண்டு கையையும் கூப்பினார்.

"வணக்கம் சார்."

"வாங்க சார். உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன்."

"என்னையா? மேனேஜர் சொல்லியிருப்பாரு."

"சொன்னாரு. நீங்க கூட இருந்து பார்த்துப்பீங்கன்னு சொன்னாரு."

"பார்க்கத்தானே சார் வந்திருக்கேன்" என்றார் நிபுணர். இவ்வளவு படித்தவர் இவ்வளவு பணிவாக இருக்கிறாரே என்று தையல்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நிபுணர் தூணைச் சுற்றி வந்தார். கையால் தட்டினார். "இந்தத் தூணை எடுத்துட்டா என்ன சார் ஆகும்?"

தையல்காரர் இதை யோசிக்கவே இல்லை. பெரிய மனிதர்கள் இப்படித்தான், உத்தரவு போடமாட்டார்கள். கேள்வி கேட்பார்கள், பதில் நமக்கே வந்துவிடும்.

"எடுத்துடலாம்கறீங்களா?"

"நீங்க சொன்னாச் சரிதான் சார்."

கடப்பாரை வந்தது. தூண் நெடுநாள் நின்ற தூண், எளிதில் விடவில்லை. தையல்காரரும் நிபுணரும் ஆளுக்கொரு பக்கம் ஆட்டினார்கள். கடைசியில் தூண் சாய்ந்தது. கூடவே கேட்டும் சாய்ந்தது. டிராக்டர் உறுமிக்கொண்டு உள்ளே நுழைந்தது.

சத்தம் கேட்டு மாட்டுக் கொட்டகையிலிருந்து மனைவி சாணிக் கையோடு வந்தாள்.

"தூண் என்னங்க பாவம் பண்ணிச்சு?"

"நிபுணர் பார்த்துத்தான் எடுத்தோம்."

"எந்த நிபுணர்?"

தையல்காரர் கண்ணாலேயே காட்டினார். நிபுணர் அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டார். மனைவி பதில் கும்பிடு போடக் கையைத் தூக்கி, சாணி ஞாபகம் வந்து இறக்கிக்கொண்டாள்.

அதற்குள் டிராக்டர் சத்தத்தில் மிரண்ட பெரிய மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு, கேட் இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லாததைக் கவனித்து, தெருவுக்கு ஓடியது. மனைவி பின்னால் ஓடினாள்.

"இந்தம்மா இங்க வேலை பார்க்கறாங்களா சார்?" என்று கேட்டார் நிபுணர்.

"விடிஞ்சா எழுந்தா வேலைதான்" என்றார் தையல்காரர்.

டிராக்டர் நிலத்துக்குப் போகவேண்டுமானால் கொட்டகை மூலையில் திரும்ப வேண்டும். திரும்பும் இடத்தில் வரிசையின் கடைசி எலுமிச்சை மரம் நின்றது. டிரைவர் முன்னால் போனார், பின்னால் வந்தார், மறுபடி முன்னால் போனார். மரத்தின் முள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

தையல்காரர் அளந்தார். நிபுணர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த மரம் இல்லைன்னா திரும்புமோ சார்?" என்று இழுத்தார் நிபுணர்.

"திரும்பும்."

"அப்ப மரம் இருக்கற தோட்டத்துக்கு இது ஆகாதுங்கறீங்க."

"ஏன் ஆகாது? மரத்தை எடுத்துட்டா ஆகும்."

நிபுணர் ஆச்சரியத்தோடு அவரைப் பார்த்தார். "அவ்வளவு தூரம் போவீங்களா சார்?"

கம்பெனி நிபுணரே வியக்கும்படி ஒன்றைச் சொல்லிவிட்ட பெருமை தையல்காரரின் தலைக்கு ஏறிவிட்டது. வரிசையில் இத்தனை மரம் இருக்கிறதே, ஒன்று போனால் என்ன? ரம்பத்தை எடுத்துவந்தார்.

மனைவி மாட்டை இழுத்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது மரம் தரையில் கிடந்தது. அவள் மாட்டைக் கட்டினாள். கீழே சிதறிக் கிடந்த எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள்.  அவள் திட்டியிருந்தால் தையல்காரருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"டிராக்டர் திரும்பிடுச்சு பாரு" என்றார் சமாதானமாக.

"சட்டை பத்தலைன்னு ஆளை வெட்டற தையல்காரரை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

திரும்பிய டிராக்டர் நிலத்தின் ஓரத்து வாய்க்காலைத் தாண்டும்போது, அதன் கனம் தாங்காமல் வாய்க்காலுக்குக் கீழே போன தண்ணீர்க் குழாய் நொறுங்கியது. ஒரு பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தது. அதை வெளியே எடுக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. ஒரு சால்கூட உழவில்லை.

"பெரிசு ஆகாது" என்றார் தையல்காரர்.

"ஆகவே ஆகாது சார். கண்ணால பார்த்தாச்சே" என்றார் நிபுணர். பிறகு சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "ஆனா நல்லா அமைச்சிருக்கீங்க. மாடு, கோழி, மரம், எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். பார்க்க வர்றவங்களுக்கு எல்லாமே புரியும்."

கம்பெனிக்காரர் வாயால் தோட்டத்துக்குப் பாராட்டு. தையல்காரர் இதை மனைவியிடம் சொன்னார். மனைவி, கேட் இருந்த இடத்தில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்தது குட்டி டிராக்டர். அதன்மேல் டிரைவர் உட்கார்ந்திருந்தது, பெரிய மனிதர் ஒருவர் குழந்தை சைக்கிளை ஓட்டுவதுபோல் இருந்தது. நிபுணருக்கு அதில் இடமில்லை. பின்னாலேயே நடந்து வந்தார். அதே சட்டைதான், துவைத்து இஸ்திரி போட்டிருந்தார்.

முள்ளை விலக்கியதும் குட்டி டிராக்டர் அலட்சியமாக உள்ளே வந்தது. தூண் இருந்திருந்தாலும் வந்திருக்கும். கொட்டகை மூலையில் லாகவமாகத் திரும்பியது. மரம் இருந்திருந்தாலும் திரும்பியிருக்கும். மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு தூண் இருந்த குழியையும் மரம் இருந்த அடிக்கட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். தையல்காரர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

நிலத்தில் இறங்கிக் கலப்பையை இறக்கியதும் குட்டிக்கு வீரம் போய்விட்டது. இரண்டு வருஷம் சும்மா கிடந்து இறுகிப்போன மண். கலப்பை மண்ணைக் கீறியது, உள்ளே இறங்கவில்லை. கொஞ்சம் அழுத்தியதும் டிராக்டரின் முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின.

"முன்னாடி பாரம் வெச்சா என்ன சார் ஆகும்?" என்றார் நிபுணர்.

கனமாக இருந்தது மாட்டுத் தீவன மூட்டைகள்தான். தையல்காரர் இரண்டை இழுத்துவந்து முன்னால் வைத்துக் கயிற்றால் கட்டினார். நெடுநாள் கழித்து ஒரு முடிச்சைப் போட்டதில் கைக்கு ஒரு சந்தோஷம். முடிச்சு அவிழவில்லை. மூட்டைதான் கிழிந்தது. தீவனம் வழிநெடுகக் கொட்டிக்கொண்டே போக, பின்னால் கோழிகள், கோழிகளுக்குப் பின்னால் கன்று, கன்றுக்குப் பின்னால் மனைவி.

"அது ஒரு மாசத்துக்கு வாங்கி வெச்சதுங்க" என்று அவள் ஓடிக்கொண்டே சொன்னாள்.

"இந்தம்மா ரொம்பக் கோபப்படறாங்களே சார். நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்று நிபுணர் காதோடு கேட்டார்.

"நான் சொல்லி எங்க கேட்கப் போறா?"

"எங்க போனாலும் ஆள் கிடைக்கறதுதான் சார் கஷ்டமா இருக்கு" என்றார் நிபுணர் அனுதாபத்தோடு. இவருக்கும் வீட்டில் இதே கதைதான் போலிருக்கிறது என்று தையல்காரர் நினைத்துக்கொண்டார்.

மண்தான் இறுக்கம் என்றால் மண்ணை இளக்கிவிட்டால் போயிற்று. இந்தத் தடவை நிபுணர் கேட்பதற்கு முன்பே தையல்காரருக்கு யோசனை உதித்துவிட்டது.

"தண்ணி விட்டு நனைச்சுட்டு ஓட்டினா?"

"செஞ்சு பார்த்துடலாம்னா பாருங்க சார். எனக்கும் தெரிஞ்சுக்கணும்னு ஆசைதான்."

மோட்டாரைப் போட்டார். நொறுங்கின குழாய் ஞாபகம் அப்போதுதான் வந்தது. தண்ணீர் நிலத்துக்குப் போகாமல், உடைந்த இடத்தில் கொப்பளித்து, காய்கறிப் பாத்திக்குள் புகுந்தது. கத்தரி நாற்று ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. தையல்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி, பாத்திக்கு அணைபோட்டு, தண்ணீரை நிலத்தின் பக்கம் திருப்பிவிட்டார். அது இவ்வளவு ஆசையாகப் போகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நிலத்தின் ஒரு பாதி சேறாகிவிட்டது. குட்டி டிராக்டர் சேற்றில் சொதக் என்று உட்கார்ந்துகொண்டது.

டிரைவர் காதிலிருந்து வயரைக் கழற்றினார். "இறங்கலாமுங்களா?" என்று கேட்டார்.

எல்லோருமாகத் தள்ளினார்கள். மனைவியும் வந்து தள்ளினாள். டிராக்டர் கரையேறும்போது சக்கரம் சுழன்று வாரியடித்த சேறு, சரியாக நிபுணரின் சட்டையில் விழுந்தது. தையல்காரருக்கு நாற்று போனபோதுகூட இவ்வளவு வயிறு எரியவில்லை. அவ்வளவு நல்ல காலர்.

அன்று மாலை மனைவி சாய்ந்த நாற்றுகளில் பிழைக்கக் கூடியதைத் தேடித் தேடி நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தாள். தையல்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"பெரிசு பத்தலை, சின்னது பத்தலை. நடுவுல ஒண்ணு இருக்குதாம். மேனேஜர்கிட்டப் பேசிட்டேன்."

"நடுவுலதான் நானும் இருக்கேன்" என்றாள் அவள். "உங்களுக்கும் அண்ணனுக்கும் நடுவுல. மேகம் திரளுது பார்த்தீங்களா?"

அவர் பார்த்தார். திரண்டுதான் இருந்தது.

"இந்தத் தடவை சரியா அமையும். நிபுணர் கூட இருக்காரு இல்ல?"

"அந்த ஆள் வாயைத் திறந்து ஒரு பதில் சொல்லி நான் கேட்கலை. கேள்வியாத்தான் கேட்கறாரு."

"அதுதான் படிப்பு" என்றார் தையல்காரர்.

மூன்றாவது டிராக்டரைப் பார்த்ததுமே தையல்காரருக்கு உள்ளே ஏதோ இளகியது. நெடுநாள் கழித்து ஒரு சட்டை முதல் தடவையிலேயே தோளில் கச்சிதமாக உட்கார்ந்ததுபோல் இருந்தது. கேட் இருந்த வழியாக வந்தது. மூலையில் திரும்பியது. வாய்க்காலைத் தாண்டியது. நிலத்தின் காய்ந்த பாதியில் கலப்பையை இறக்கியதும் மண் இரண்டு பக்கமும் மளமளவென்று புரண்டது. டிரைவர்கூட ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

மனைவி ஓடிவந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள். அவள் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அதைக் கேட்டுத் தையல்காரருக்கும் கண் கலங்கியது. தூண், மரம், குழாய், தீவனம், நாற்று எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அடிபட்டுப் போய்விட்டன.

ஒரு சுற்றுதான் ஓடியிருக்கும். நிபுணர் கையைத் தூக்கினார்.

"எல்லாம் சரி சார். மழை பெய்தா இதை எங்க நிறுத்தறது?"

இதற்குப் பேசாமல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நிபுணர் கேட்டுவிட்டாரே. தையல்காரர் சுற்றிலும் பார்த்தார். தோட்டத்தில் கூரை போட்ட இடம் வீட்டை விட்டால் மாட்டுக் கொட்டகை ஒன்றுதான்.

"இங்கதான்" என்றார்.

"அப்ப மாடு சார்?"

"மாட்டைக் கோழிக் கூண்டுப் பக்கம் கட்டிடலாம்."

"கோழி?"

"கோழி எங்கேயாவது போகும்."

"வேண்டாங்க" என்றாள் மனைவி. "முதல்ல உழுதுடட்டும். அப்புறம் ஒரு தார்ப்பாய் வாங்கி மூடிக்கலாம்."

"நிபுணர் கேட்கறாரு இல்ல? ஒரு நிமிஷ வேலை. உள்ளே விட்டு அளந்து பார்த்துட்டு வெளியே எடுத்துடலாம்."

அகலத்தை அளந்தார், சரியாக இருந்தது. நீளத்தை அளந்தார், சரியாக இருந்தது. உயரத்தை அளக்கவில்லை. சட்டைக்கு உயரம் என்று தனியாக ஒன்று கிடையாது.

டிரைவர் பின்னோக்கி ஓட்டினார். டிராக்டரின் மேல்கூரை கொட்டகைக் கூரைக்கடியில் நுழைந்து, நடு உத்தரத்தை மேலே தூக்கிவிட்டது. இரண்டு பக்கத்துக் காலும் தரையைவிட்டு விலகிச் சாய்ந்தன. இப்போது மொத்தக் கூரையும் டிராக்டரின் தலைமேல் நின்றது. டிராக்டரை வெளியே எடுத்தால் கொட்டகை விழும். எடுக்காவிட்டால் உழவு இல்லை.

 கோழிகள்தான் தைரியமாகப் பக்கத்தில் வந்து பார்த்தன.

"முட்டுக் கொடுக்கக் கட்டை வேணும். நாளைக்குக் காலைல எடுத்துட்டு வர்றேன்" என்று டிரைவர் சொன்னார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

நிபுணர் கூரையைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார், அடிக்கட்டையைப் பார்த்தார். தன் சட்டையில் போகாமல் நின்ற சேற்றுக் கறையைத் தடவிக்கொண்டார்.

"நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்று தையல்காரர் ஆவலோடு கேட்டார். "இந்த வண்டி பொருத்தந்தானே? உழவைப் பார்த்தீங்க இல்ல?"

"உழவு நல்லாத்தான் இருந்தது சார்" என்றார் நிபுணர். "நீங்களே இவ்வளவு கஷ்டப்பட்டுப் பார்த்திருக்கீங்க. நான் சட்டுனு ஒண்ணும் சொல்லிடக் கூடாது. நல்லா யோசிக்கணும்."

"யோசிங்க, நாளைக்குச் சொல்லுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அதுதான் எனக்கு முடிவு."

"நான் சொல்றதா சார் உங்களுக்கு முடிவு?" நிபுணர் கூச்சத்தோடு சிரித்து, கும்பிடு போட்டுவிட்டு, டிரைவரோடு நடந்து போனார்.

மறுநாள் காலையில் வானம் இருண்டு கிடந்தது. காற்றில் ஈர வாசனை. முள்ளை ஒதுக்கிக்கொண்டு மச்சான் உள்ளே வந்தார். தூண் குழியைத் தாண்டினார். அடிக்கட்டையில் கால் தடுக்கினார். சேறான நிலத்தைப் பார்த்தார். கோழிக் கூண்டோடு கட்டியிருந்த மாட்டைப் பார்த்தார். டிராக்டரின் தலையில் கொட்டகை நிற்பதைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, என்ன இதெல்லாம்? புயல் அடிச்சுதா? என் பக்கம் ஒண்ணும் தெரியலையே."

 மனைவி முன்னால் வந்தாள்.

"டிராக்டர் பார்க்கறோம் அண்ணே."

"பார்க்கறதுக்கே இப்படின்னா வாங்கினா வீடு மிஞ்சுமா? பேசினபடி விட்டுடும்மா. மழை இன்னிக்கு வந்துடும். நான் ஆளைக் கூட்டிட்டு வந்து சுத்தம் பண்ணிக்கறேன்."

தையல்காரர் மனைவியைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தார். இப்போது அவள் சரி என்று சொல்லப் போகிறாள். சொல்வதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"அவரு ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டுச் செய்யலை அண்ணே" என்றாள் அவள். "கம்பெனிலேருந்தே நிபுணரை வரவழைச்சு, அவரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, எல்லாத்தையும் பார்த்துப் பார்த்துத்தான் செஞ்சாரு. இந்த வண்டி இந்த மண்ணுக்கு நல்லா உழுது. நானே பார்த்தேன். கட்டை வந்ததும் வண்டியை எடுத்துட்டா மத்தியானத்துக்குள்ள விதைச்சுடுவோம்."

கல்யாணமான நாளிலிருந்து அண்ணன் எதிரில் அவள் கணவருக்காக இவ்வளவு நீளமாகப் பேசியது தையல்காரருக்கு நினைவில்லை.  டேப்பைக் கழுத்தில் நேராக இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஆமா மச்சான். நிபுணர் இப்ப வந்துடுவாரு."

மச்சான் யோசித்தார். பிடிவாதக்காரர்தான், ஆனால் படித்தவர்கள்மேல் மரியாதை உள்ளவர்.

"சரி. அந்த நிபுணர் வரட்டும். நான் வேற யார் பேச்சையும் கேட்கலை. அவர் என்ன சொல்றாரோ அதுதான். தோட்டத்துக்கு இந்த வண்டி சரிதான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், இனிமே இந்த நிலத்தைப் பத்தி நான் வாயே திறக்கமாட்டேன். சொல்லலைன்னா இன்னிக்கே என் மாட்டைக் கொண்டுவந்து இங்க கட்டிடுவேன். சம்மதமா?"

"சம்மதம்" என்று தையல்காரரும் மனைவியும் சேர்ந்தாற்போல் சொன்னார்கள்.

மூன்று பேரும் கேட் இருந்த இடத்தில் வரிசையாக நின்று தெருவையே பார்த்தார்கள். முதல் தூறல் விழுந்தது. தெருமுனையில் சைக்கிள் ஒன்று திரும்பியது. கேரியரில் முட்டுக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு டிரைவர் மட்டும் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

தையல்காரர் நாலு எட்டு முன்னால் போய் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா உங்க நிபுணர்? என்ன சொன்னாரு?"

டிரைவர் காதிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "டிராக்டர் வாங்கலாம்னு கூட வந்துக்கிட்டிருந்தாரே, அந்தச் சட்டைக்காரரையா கேட்கறீங்க? கம்பெனி இன்ஜினியரே டேப் வெச்சு அளந்து அளந்து செஞ்சும் கம்பெனித் தோட்டத்துக்கே இந்தக் கதின்னா என் நிலம் தாங்காதுப்பான்னு சொல்லிட்டு, நேத்தே ஊருக்கு பஸ் ஏறிட்டாருங்க."